படத்தில் உள்ளபடி

கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் அந்தத் தெருவில் பெரிய வீடுகள் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் நீச்சல் குளம், கடல் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, தொட்டால் தானே விலகும் இரும்புக் கதவு. ஆனால் மாலையில் விளக்கு எரியும் வீடுகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். உரிமையாளர்கள் எல்லோரும் வேறு ஊர்களில் வேலையாக இருக்கிறார்கள். ஒரு வீட்டை இன்னாருடையது என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது படிக்கிறவர்களுக்குச் சுவையான கேள்வி. இந்தத் தெருவில் சிலருக்கு அது தலைக்கு மேல் கூரை இருக்குமா என்கிற விஷயம்.

கீழிருந்து மூன்றாவது வீட்டைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கால்சட்டைப் பையில் எப்போதும் கறுப்புத் துணி டேப் ஒன்று இருக்கும். நாற்காலி, மேஜை, நிற்கும் விளக்கு, எல்லாவற்றின் காலடியிலும் நகத்தளவு ஒரு துண்டை ஒட்டி வைத்திருப்பார். எது எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம். இந்தப் பழக்கம் அவருக்கு நாடக அரங்கில் வந்தது. வாழ்க்கையில் பாதியை அங்கே மேடைப் பொருள்களை எடுத்து வைக்கும் வேலையில் கழித்தார். நேற்று ராணி உட்கார்ந்த நாற்காலி இன்றைக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அது மட்டும்தான் அவர் வேலை. நாடகம் நன்றாக இருந்ததா என்று யாராவது கேட்டால், எல்லாம் இடத்தில் இருந்தது என்பார். அரங்கத்தை இடித்துக் கார் விற்கும் கடை கட்டினார்கள். அதன் பிறகு இந்த வேலைக்கு வந்தார்.

சம்பளம் பெரிதில்லை. ஆனால் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறைகள் கொடுத்தார்கள். ஒன்றில் அவரும் மனைவியும் இருந்தார்கள். இன்னொன்றில் மனைவியின் தையல் மிஷின். அந்தத் தெருவின் திரைச்சீலைகளும் தலையணை உறைகளும் அவர் தைத்தவைதான். ஊரில் அந்தச் சம்பளத்துக்கு ஒரு குளியலறைகூட வாடகைக்குக் கிடைக்காது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மனைவியின் தம்பி அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தோட்டக்காரன். மத்தியானம் தவறாமல் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான்.

வீட்டுக்கு உரிமையாளர் ஒரு பல் டாக்டர். ஆசையாகக் கட்டினார். முதல் வருடம் அடிக்கடி வந்தார். இரண்டாம் வருடம் கடல் அவருக்கு அலுத்துவிட்டது. அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, காற்றில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகுதான் யாரோ அவருக்கு வீடு மாற்றும் சங்கத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

சங்கத்தின் ஏற்பாடு எளிமையானது. விடுமுறைக்கென்று பெரிய வீடு கட்டிவைத்திருப்பவர்கள் மட்டும் அதில் உறுப்பினர். உன் வீட்டை நீ இல்லாதபோது எங்களில் ஒருவருக்குத் தங்கக் கொடு. அதே அளவு நாட்கள் எங்களில் எவருடைய வீட்டிலும் நீ தங்கிக்கொள். வாடகை என்ற பேச்சே கிடையாது. இப்படியாகப் பல் டாக்டர் திராட்சைத் தோட்ட வீட்டிலும் பாலைவன வீட்டிலும் போய் இருந்தார். தன் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டார். யோசித்துப் பார்த்தால், வேறு இடங்களில் வசிப்பதற்காகவே அவர் அந்த வீட்டை வைத்திருந்தார். டேப்பும் அவர் மனைவியும் அங்கே வசிக்க முடிந்ததும் அதனால்தான்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. உறுப்பினர்கள் வீட்டைப் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வீடு அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். சங்கம் அனுப்பிய புகைப்படக்காரர் ஒரு முழு நாள் இருந்து வீட்டை மூலை மூலையாக எடுத்துவிட்டுப் போனார். அந்தப் படங்கள் டேப்புக்கு வேதமாயின. ஒரு விருந்தாளி போய் அடுத்தவர் வருவதற்குள் வீட்டைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிடுவார். விதி அவ்வளவோடு நிற்கிறது. அவர் நிற்கவில்லை. நடுவில் ஒரு நாள், விருந்தாளிகள் வெளியே போயிருக்கும்போது சுத்தம் செய்யப் போவாரே, அப்போதும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார். சாய்ந்த மெத்தை நிமிரும். படிக்க ஜன்னலோரம் இழுத்துப் போட்ட நாற்காலி தன் டேப் துண்டுக்குத் திரும்பும். ஒரு விருந்தாளி சங்கத்துக்கு எழுதினார்: நாங்கள் இங்கே தங்கியிருக்கிறோமா என்று எங்களுக்கே சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தம். அதைப் பாராட்டு என்று டேப்பு எடுத்துக்கொண்டார். அது பாராட்டுத்தானா என்று அவர் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது.

“அந்த வீட்டு நாற்காலிக்குக் கிடைக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்குக் கிடைக்கல” என்று மனைவி தம்பியிடம் சொல்வார். “அது வாய் பேசாதுல்லக்கா” என்பான் தம்பி.

அந்தப் பருவத்தின் கடைசியில் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் செருப்புத் தொழிற்சாலை நடத்தியவர். விற்றுவிட்டு ஓய்வில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நிமிர்ந்த நடை. கணவர் வங்கியில் இருந்தவர். மெதுவாகப் பேசுவார், மனைவியின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டே நடப்பார். புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி இருக்காங்க என்று டேப்பின் மனைவி சொன்னார். செருப்புக் கம்பெனி அம்மா என்று மச்சான் பெயர் வைத்தான். இருவரும் அதிகம் வெளியே போகவில்லை. காலையில் மணலில் கொஞ்சம் நடப்பார்கள், அவ்வளவுதான்.

சுத்தம் செய்யும் நாள் வந்தது. அவர்கள் கடற்கரைக்குப் போன பிறகு டேப்பும் மனைவியும் உள்ளே போனார்கள். கூடத்தைப் பார்த்த டேப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். கம்பளத்தைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய தாழ்வான கண்ணாடி மேஜை மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. சாப்பாட்டு நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சுவரோடு ஒட்டி நின்றன. படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் ஒரு கயிற்றுத் துண்டு. குளியலறையில் ஒரே மாதிரி இருந்த இரண்டு குப்பிகளில் ஒன்றுக்கு மட்டும் ரப்பர் பேண்ட். அடுப்புத் திருகின் மேல் ஏதோ பிசின் போல ஒரு பொட்டு.

இவ்வளவு பெரிய மனிதர்கள் வீட்டை இப்படியா வைத்திருப்பார்கள் என்று டேப்பு வருத்தப்பட்டார். மனைவிக்கு மட்டும் ஏதோ இடித்தது. “வேணும்னு பண்ணி வெச்ச மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே” என்றார்.

“படத்துல அப்படியா இருக்கு?” என்றார் டேப்பு. அவரிடம் அந்தக் கேள்விக்கு மேல் கேள்வி கிடையாது.

கம்பளம் விரிந்தது. மேஜை நடுவுக்கு வந்தது. கயிறு அவிழ்ந்தது, ரப்பர் பேண்ட் குப்பைக்குப் போனது, பிசினைச் சுரண்டி எடுத்துத் திருகைப் பளபளக்கத் துடைத்தார். வேலை முடிந்து பின்னறைக்குப் போய் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் பெரிய வீட்டிலிருந்து ஏதோ சரிந்து விழும் சத்தமும் ஒரு கூச்சலும் கேட்டன.

டேப்பு ஓடினார். அந்த அம்மாள் கண்ணாடி மேஜையின் மறுபக்கம் தரையில் கிடந்தார். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு நிமிடம் பின்தங்கியிருந்த கணவர் பதறிப்போய், யார் இதையெல்லாம் நகர்த்தியது என்று கத்தினார்.

கேள்வி டேப்புக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் பாராட்டு வாங்கிய குரலிலேயே பதில் சொன்னார்: “நான்தான் சார். எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிருக்கேன்.”

“சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும்” என்றார் அந்த அம்மாள் தரையிலிருந்து. “முதல்ல சோபா எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க.”

சோபா அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் முகம் டேப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது, ஆனால் சரியாக அவரை அல்ல. அவருக்கு ஒரு முழம் தள்ளி, யாரும் இல்லாத இடத்தை. டேப்புக்கு அப்போதுதான் விளங்கியது. கம்பளம் தடுக்கும். மேஜை முட்டும். கயிறு எந்தக் கதவு என்று விரலுக்குச் சொல்லும். பிசின் பொட்டு அடுப்பு அணைந்திருக்கும் நிலை. அந்த வீட்டில் எதுவும் கலைந்து கிடக்கவில்லை. அவர் மேடையில் எந்தக் காலத்திலும் வைத்ததைவிடக் கவனமாக ஒரு மனிதர் தன் மனைவிக்காக ஒவ்வொன்றையும் இடம் பார்த்து வைத்திருந்தார்.

நாடகத்தில் காட்சி மாறும்போது விளக்கெல்லாம் அணைந்துவிடும். நடிகர்கள் இருட்டில்தான் நடப்பார்கள். நாற்காலி நேற்றைய இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கால் வைப்பார்கள். ஒரு சாண் தள்ளியிருந்தால் பல் போகும். பொருள்கள் இடம் மாறக் கூடாது என்ற ஒழுங்கே அதற்காக வந்தது. டேப்பு ஒழுங்கை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டு, அது யாருக்காக என்பதை அரங்கத்தோடு விட்டுவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விதிகள் பெரும்பாலும் அப்படித்தான் ஊர் மாறுகின்றன.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் கணவர் கோபத்தில் சங்கத்துக்கு போன் செய்துவிட்டார். மேஜை தடுக்கி விழுந்தார் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு போதும். வீட்டில் ஒருவருக்கு அடிபட்டால் விசாரணை முடியும்வரை அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். உரிமையாளர் போய்த் தங்குவதாக இருந்த வீடும் கூடவே ரத்தாகும்.

மறுநாள் காலை பல் டாக்டர் டேப்பைப் போனில் கூப்பிட்டார். விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் பனிமலையில் ஒரு வீடு அவருக்குக் கிடைத்திருந்தது. அது போய்விட்டது என்று புலம்பினார். சங்கம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அந்த வீட்டை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது, உப்புக் காற்று வாங்கவா, விற்றுவிடப் போகிறேன் என்றார். கடைசியில், “நீயும் ஒரு இடம் பாத்து வெச்சுக்கப்பா” என்று சொல்லி வைத்தார். அதில் விரோதம் இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன் லேசா வலிக்கும் என்பாரே, அந்தக் குரல்.

மத்தியானம் மச்சான் சாப்பிட வந்தபோது விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவன் வரும் வழியிலேயே யோசித்து முடித்திருந்தான்.

“மாமா, சங்கத்து விதியில இருக்கு. பார்வை, நடை, நெஞ்சு வலி, எதுவா இருந்தாலும் வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும். அந்தம்மா சொல்லல. நாளைக்கு சங்கத்து ஆள் வரும்போது இதை மட்டும் சொல்லுங்க. பழி நம்ம வீட்டை விட்டுப் போயிடும்.”

“அப்புறம் அந்தம்மா?”

“அவங்களைச் சங்கத்துலேர்ந்து எடுத்துடுவாங்க. எடுக்கட்டுமே. அவங்களுக்கு வீடா இல்ல?”

டேப்பு மனைவியைப் பார்த்தார். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தார் போலும். மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

“என்னைப் பாக்காதீங்க. நான் நல்லவ மாதிரி பேச மாட்டேன். எனக்கு இந்த ரெண்டு ரூம் வேணும். மிஷினைத் தூக்கிட்டு எங்க போறது? நான் வேணாம்னு சொல்லி, நாளைக்குத் தெருவுல நின்னா, உன்னாலதான்னு என்னைச் சொல்வீங்க. உங்க வாய், நீங்களே பாத்துக்குங்க.”

அது உண்மை. உண்மை என்பதால் அவருக்குத் துணையாக இல்லை.

சாயங்காலம் டேப்பு பெரிய வீட்டுக்குப் போனார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அந்த அம்மாள் வராந்தாவில் மாவுக்கட்டுக் கையை மெத்தை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்த டேப்பு, மேஜையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். மாடிப்படிக்கு அடியில் என்றார் அவர். நாற்காலிகள்? சுவரோடு. கம்பளம்? அதை எரித்தால்கூடச் சந்தோஷம். ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக டேப்பு நகர்த்தினார். வேலை நடக்கும்போது அவருக்குப் பேச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

அந்த அம்மாளும் பேசினார். பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. நல்ல வெயிலில் நிழல் போல ஏதோ தெரியும். முதலில் சங்கத்துக்கு உண்மையைத்தான் எழுதினார். எழுதிய பிறகு எந்த வீடும் கிடைக்கவில்லை. யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அந்தத் தேதியில் பெயின்ட் அடிக்கிறோம் என்றார்கள். “ஊர்ல உள்ள பெரிய வீடெல்லாம் ஒரே நேரத்துல பெயின்ட் அடிச்சாங்க” என்று சிரித்தார். பிறகு எழுதுவதை நிறுத்தினார். எழுதாத பிறகு கிடைத்த முதல் வீடு இதுதான்.

“வாழ்க்கை பூரா செருப்பு பண்ணி வித்தவ நான். காலு என்ன சொல்லுதுன்னு இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கேன்” என்றார். “நாளைக்கு ஆள் வரும்ல? அவங்ககிட்ட என் கண்ணைப் பத்திச் சொல்லாம இருக்க முடியுமா உங்களால?”

“யோசிக்கணும்மா” என்றார் டேப்பு. வீட்டை விற்கப்போவதாக டாக்டர் சொன்னதையும், தான் இருப்பது அதன் பின்னறையில்தான் என்பதையும் சொன்னார். யோசிங்க என்றார் அந்த அம்மாள்.

சங்கத்திலிருந்து வந்தவர் ஒரு இளம்பெண். கையில் டேப்லெட், அதில் வீட்டின் படங்கள். மரியாதையாகப் பேசினார், ஆனால் உட்காரவில்லை. கூடத்தில் நின்றபடியே டேப்பிடம் கேட்டார்: விழுந்த அன்று பொருள்கள் எல்லாம் இடத்தில் இருந்தனவா?

“படத்துல உள்ளபடிதான் இருந்துச்சு மேடம்.”

“அப்ப எப்படி விழுந்தாங்க?”

அந்த அம்மாளின் கணவர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தார். டேப்பு தரையைப் பார்த்தார்.

“அவங்க வேற மாதிரி வெச்சிருந்தாங்க. நான் அவங்களைக் கேக்காம மாத்தினேன்.”

“ஏன் வேற மாதிரி வெச்சிருந்தாங்க?”

“அவங்க வசதிக்கு.”

“என்ன வசதி?”

“அதை நான் கேக்கல மேடம். கேட்டிருந்தா அவங்க விழுந்திருக்க மாட்டாங்க.”

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. இப்படி ஒரு பதில் தனக்குள் இருந்தது என்று அதைச் சொல்லும்வரை அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். யோசித்து முடிவெடுத்துச் சொன்னதாகவும் தெரியவில்லை. அந்தப் பெண் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்: பராமரிப்பாளரின் தவறு. அதற்கு என்ன அர்த்தம் என்பது டேப்புக்குத் தெரியும். பின்னறையில் மனைவி மிஷினை மிதிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

வராந்தாக் கதவு வழியாக அந்த அம்மாள் உள்ளே வந்தார். யார் கையையும் பிடிக்கவில்லை. மேஜை இல்லாத கூடத்தில் நேராக நடந்து, சோபாவின் முதுகைத் தொட்டு நின்றார்.

“எனக்குக் கண்ணு தெரியாதும்மா. அதை நான் உங்களுக்கு எழுதல. தப்பு என்மேலயும் இருக்கு, எழுதிக்குங்க.”

கணவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சங்கத்துப் பெண் டேப்லெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். இப்படி மறைத்தால் உறுப்பினர் உரிமையை ரத்து செய்வதுதான் வழக்கம் என்று, தனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆனால் அந்த அம்மாள் பல வருடம் தோல் வியாபாரிகளோடு பேரம் பேசியவர். வாடிக்கையாளர் நின்றுகொண்டே பேசினால் வியாபாரம் முடியாது என்று அவருக்குத் தெரியும். முதலில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். பிறகு ரத்து செய்வதால் சங்கத்துக்கு என்ன லாபம் என்று கேட்டார். தன்னிடம் மலைமேல் ஒரு வீடு இருக்கிறது, கீழே ஏரி தெரியும், அதைக் கேட்டு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைவூட்டினார். தான் வெளியே போனால் அதுவும் போகும். அந்த ஏரியை இனித் தன்னால் பார்க்க முடியாது என்பதால் கொடுப்பதில் தனக்கு வருத்தமும் இல்லை என்றார். தான் கேட்பது ஒன்றுதான். வருடா வருடம் இதே மாதம், இதே வீடு. அதற்கு ஈடாக இந்த வீட்டுக்காரர் மலை வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

“எங்க சங்கமே புதுப் புது இடம் பாக்கறதுக்குத்தான்” என்றார் அந்தப் பெண் தயக்கத்தோடு.

“எனக்குப் புது இடம்னா முதல் வாரம் பூரா முட்டிக்கறதுதான். இந்த வீட்டுல நான் விழுந்தாச்சு. ஒரு வீட்டை இதைவிட நல்லா எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுவும் போக, இங்க ஒருத்தர் இருக்கார். ஒரு பொருளை வெச்ச இடத்துலேர்ந்து இம்மி நகர விட மாட்டார். அவரை இவ்வளவு நாள் தப்பான படத்துக்கு வேலை பாக்க விட்டிருக்கீங்க.”

சங்கத்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு உரிமையாளரும் சம்மதித்தால் மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது சம்மதம் இல்லை, மறுப்பும் இல்லை. அடுத்த சில நாட்கள் டேப்பு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, மச்சான் தவிர. அவன் மட்டும், “சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் மாமா” என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தரம் சொன்னான். நாலாவது தடவையில் அக்கா அவன் தட்டை எடுத்துவிட்டார்.

பல் டாக்டர் போன் செய்தபோது டேப்பு நீச்சல் குளத்தில் இலை அள்ளிக்கொண்டிருந்தார். சங்கம் மேலே சம்மதித்து டாக்டரைக் கேட்டிருந்தது. அவர் குரலில் அவசரம் இருந்தது. ஏரி தெரிகிற அந்த மலை வீடுதானா என்று கேட்டார். அதற்கு அவர் இரண்டு முறை விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனதாம். வருடா வருடமா, எழுத்து மூலமாகவா? வருடா வருடம் என்றுதான் அந்த அம்மாள் கேட்டார் என்று டேப்பு சொன்னார்.

“சரி, இப்போதைக்கு விக்கறதைப் பத்தி யோசிக்கல. நீ வேலையைப் பாரு” என்று வைத்துவிட்டார்.

இப்போதைக்கு என்ற சொல்லை டேப்பு மனைவியிடம் மறைக்கவில்லை. பணக்காரர்களின் ஆசையின்மேல் கட்டிய கூரை அது. மலையும் அவருக்கு ஒரு நாள் அலுக்கும். ஆனாலும் இன்னும் சில வருடத்துக்கு மிஷின் அதே அறையில் ஓடும் என்று தெரிந்ததே, அது சின்ன விஷயமில்லை. மனைவி அந்த அம்மாளின் மாவுக்கட்டுக் கைக்குத் தோதாக, தோளில் மாட்டும் ஒரு துணித் தொட்டிலைத் தைக்க உட்கார்ந்தார். சங்கத்துப் பெண்ணுக்குச் சொன்ன பதிலைப் பற்றி அவர் எதுவும் பாராட்டிச் சொல்லவில்லை. அன்று டேப்பின் தட்டில் மட்டும் குழம்பு கொஞ்சம் அதிகமாக விழுந்தது என்று மச்சான் குறைப்பட்டுக்கொண்டதாகக் கேள்வி.

தம்பதி கிளம்புவதற்கு முந்தைய நாள், டேப்பு அந்த அம்மாளோடு வீடு முழுக்க நடந்தார். எந்தப் பொருள் எங்கே என்று அவர் கையால் தொட்டுக் காட்ட, டேப்பு தன் போனில் ஒவ்வொரு மூலையாகப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து வந்த விருந்தாளிகளுக்கு வீடு மறுபடி சங்கத்தின் படத்துக்கே திரும்பியது. கண்ணாடி மேஜை நடுவில் வந்து நின்றது. ஆனால் நடுவில் சுத்தம் செய்யப் போகும் நாளில், ஏதாவது நகர்ந்திருந்தால் டேப்பு இப்போது கேட்கிறார். பெரும்பாலானவர்கள் அவரை விநோதமாகப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், சிறு குழந்தையோடு வந்தவர், அந்த மேஜையை எடுத்துவிட முடியுமா, நாங்களாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார்.

மறுவருடம் அதே மாதம் அவர்கள் வந்தார்கள். டேப்பு இரண்டு நாள் முன்பே வீட்டை அந்த அம்மாளின் வீடாக மாற்றி வைத்திருந்தார். கயிறு, ரப்பர் பேண்ட், அடுப்புத் திருகில் பொட்டு, எல்லாம் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு. கார் நின்றதும் கணவர் வழக்கம்போல முழங்கையைப் பிடிக்க வந்தார். அந்த அம்மாள் கையை விலக்கிக்கொண்டு தானாக நடந்தார். கதவு, கல் பாவிய பாதை, இரண்டு படி, வராந்தா. டேப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். வராந்தாத் திருப்பத்தில் அந்த அம்மாள் நின்றார். இடது கையை நீட்டிக் காற்றில் துழாவினார்.

“இங்க ஒரு பூந்தொட்டி இருந்துச்சே. அதை வெச்சுத்தான் நான் திரும்புவேன்.”

டேப்பின் முகம் மாறியது. வீட்டுக்கு உள்ளேதான் அவர் படம் எடுத்திருந்தார். தோட்டப் பக்கம் திரும்பி, அந்தத் தெருவே கேட்கும்படி மச்சானைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் புல்வெளியிலிருந்து மச்சான் ஓடி வந்தான். தொட்டிக்கு வெயில் பத்தல மாமா, அதான் தள்ளி வெச்சேன் என்று விளக்கம் சொன்னான். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. அவன் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றார் அந்த அம்மாள், கையை நீட்டியபடியே. “இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்.”

விரல் நுனியில் இலை பட்டதும் அவர் திரும்பி, வீட்டுக்குள் போனார்.